பதினாலாவது வேகன்

ஆகஸ்ட் 4, ஞாயிறு

என்னைக் கிறுக்கச் சொல்லி மன்றத்தில் இன்றைக்கு ஏகமனதாகத் தீர்மானம் போட்டுவிட்டார்கள்.

யாரைப் பார்த்து? முப்பத்து நாலு வருஷம் ஈரோடு யார்டில் வேகன் பரிசோதகராக இருந்தவனைப் பார்த்து. கையில் சுத்தியல், டார்ச், சட்டைப் பையில் சாக்பீஸ். நல்ல வண்டிக்கு 'ஃபிட்' என்றும், ஓடத் தகுதியில்லாத வண்டிக்கு 'சிக்' என்றும் எழுதி, கீழே கையெழுத்தும் தேதியும் போடுவேன். 'சிக்' எழுதிவிட்டால் சாமியே இறங்கி வந்து தள்ளினாலும் அந்த வண்டி நகரக்கூடாது. பழுது பார்த்து, பரிசோதகன் 'ஃபிட்' எழுதினால்தான் நகரும். வேகன் மேல் எழுத உரிமை உள்ள ஆள் நான் ஒருவன்தான் என்று நினைத்தே காலம் தள்ளினேன். அம்பு விட்ட இதயமும் கெட்ட வார்த்தையும் எழுதிய பயல்களைத் தேடித் தேடித் திட்டியிருக்கிறேன்.

இப்போது அதையே நான் எழுத வேண்டுமாம்.

கொல்லம்பாளையத்தில், மூடிப்போன டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடியில், ஓய்வுபெற்ற ரயில்காரர்கள் பதினோரு பேர் சேர்ந்து மாதிரி ரயில் ஒன்று வைத்திருக்கிறோம். ஆறு மேஜை நீளத்துக்குத் தண்டவாளம், ஒரு எஞ்சின், உள்ளங்கை நீளத்தில் இருபத்தொரு சரக்கு வேகன். போன மாதம் பார்க்க வந்த ஒரு பள்ளிக்கூடத்துப் பெண், "இது கடையில வாங்கின பொம்மையா தாத்தா? ஒரு அழுக்குக்கூட இல்லையே" என்று கேட்டுவிட்டது. எங்கள் செயலாளர் கஸ்தூரிரங்கன், முன்னாள் ஸ்டேஷன் மாஸ்டர், அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. 25ஆம் தேதி கண்காட்சி. அதற்குள் எல்லா வேகனும் நிஜ வேகன் மாதிரி துருவும் கிறுக்கலுமாக இருக்க வேண்டும்.

யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது பொன்னுரங்கம் வாயைத் திறந்தான். என்னைப் பார்த்து அல்ல, மாஸ்டரைப் பார்த்து.

"வண்டி மேல கிறுக்கறதுல அவுருக்கு அனுபவம் ஜாஸ்திங்க மாஸ்டர். அவுருகிட்டயே குடுத்துருங்க."

பொன்னுரங்கம் கூட்ஸ் டிரைவராக இருந்தவன். என்னோடு பேசுவதை நிறுத்திப் பதினோரு வருஷம் ஆறு மாதம் பதினோரு நாள் ஆகிறது. நான் எண்ணவில்லை. தானாகத் தெரிகிறது. இந்த மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துகொண்டு ஓசூருக்கு மகள் வீட்டோடு போகிறானாம். போகட்டும். எனக்கென்ன.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஓர் எழுத்து கடுகளவு இருக்க வேண்டும். கடையில் கேட்டால் 'ஜீரோ நம்பர் பிரஷ்' என்று ஒன்றைக் கொடுத்தான். அதில் 'அ' எழுதினேன், ஆமை மாதிரி வந்தது. பிரஷ்ஷில் ஒரே ஒரு மயிரை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பிளேடால் வெட்டினேன். தும்மல் வந்தது. அந்த ஒரு மயிரும் போயிற்று.

என் சம்சாரம் தெய்வானை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங், பூனையப் புடிச்சு வந்து மீசையக் கேக்கலாமுங்களா?" என்றாள். கிண்டல். ஆனால் அவளுடைய புருவப் பென்சில் நன்றாகவே எழுதுகிறது. அதை இன்னும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

நிஜக் கிறுக்கலைப் பார்த்து எழுதிக்கொள்ள கூட்ஸ் ஷெட்டுக்குப் போனேன். நோட்டும் பென்சிலுமாக ஒரு வேகன் முன்னால் நின்று, 'சுரேசு உனக்கு இந்த வருசமும் கல்யாணம் ஆவாது' என்பதை எழுத்து எழுத்தாகக் காப்பி அடித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து லத்தி தட்டும் சத்தம். ஒரு பெண் காவலர்.

"ஏனுங் அய்யா, வயசு என்னாச்சுங்?"

"அறுபத்தஞ்சுங்."

"இந்த வயசுல ரயிலு மேல கிறுக்கலாமுங்களா?"

"நான் கிறுக்கலீங். அதப் பாத்து எழுதறேன்."

"எதுக்குங்?"

"ஊட்டுல போயிக் கிறுக்கறதுக்குங்."

அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வீட்டு நம்பர் கேட்டு தெய்வானைக்குப் போன் போட்டது. தெய்வானை என்ன சொன்னாளோ, லத்தியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சிரித்தது. வாசல் வரைக்கும் கையைப் பிடித்துக் கூட்டி வந்து விட்டது. முப்பத்து நாலு வருஷ சர்வீஸ்! கருமம்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வேகன் ஊரெல்லாம் சுற்றி வருவதால் எல்லா மொழியிலும் கிறுக்கியிருக்கிறது. நேற்று ஒரு வரி ஒரியாவில். அர்த்தம் தெரியாமல் எழுதினால் விபரீதமாகிவிடும் என்று மாஸ்டருக்கு ஒரே கவலை. "கண்காட்சிக்குப் பெண்கள் வருவாங்க மிஸ்டர் சென்னியப்பன்" என்றார். புரோட்டாக் கடையில் வேலை செய்கிற ஒடிசாக்காரரிடம் நோட்டைக் காட்டினேன். மாவைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அண்ணா, 'என் மாமியார இந்த வண்டியில ஏத்தி அனுப்புங்க, திரும்பி வர வேணாம்'னு எழுதியிருக்குது."

ஏழாவது வேகனில் எழுதிவிட்டேன். மாஸ்டரிடம் 'பாரத மாதா வாழ்க' என்று சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காதல் கிறுக்கல் இல்லாமல் நிஜம் மாதிரி இருக்காது. யார் பெயரை எழுதுவது என்று இரண்டு மணி நேரக் கூட்டம்.

கவிதா என்றேன். மாஸ்டரின் மருமகள் பெயராம். ரேவதி என்றேன். கார்டு ஃபிலிப்பின் அக்காள் மகளாம், அதுவும் இப்போது பெண் பார்க்கிற சமயமாம். எந்தப் பெயரைச் சொன்னாலும் பதினோரு பேரில் ஒருத்தன் "அய்யய்யோ" என்கிறான். ஈரோட்டில் யாருக்கும் சம்பந்தமில்லாத ஒரு பெண் பெயர்கூடக் கிடையாதா? கடைசியில் பொன்னுரங்கம் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"மாஸ்டர், அவுரு ஊட்டுக்காரம்மா பேரயே எழுதச் சொல்லுங்க. அவுரு எழுதினா எவன் கேப்பான்?"

எல்லாரும் கை தட்டினார்கள். என் சம்மதத்தை ஒருத்தரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

மூன்றாவது வேகனில் இதயம் போட்டு 'தெய்வானை' என்று எழுதினேன். என் பெயரை எழுத வெட்கமாக இருந்தது. விட்டுவிட்டேன். தெய்வானை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள்.

"ஏனுங், ஒத்தப் பேர எழுதி எவனாச்சும் அம்பு உடுவானுங்களா? நான் என்ன என்னையே லவ் பண்ணிக்கிட்டனா?"

பக்கத்தில் 'செ' போட்டேன். ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தாள். புருவப் பென்சில் விஷயம் தெரிந்தும் திட்டவில்லை. இரவு வெள்ளைப் பணியாரம் கிடைத்தது.

ஆகஸ்ட் 15, வியாழன்

மன்றத்தில் கொடி ஏற்றினோம். பொன்னுரங்கம் லட்டு கொண்டு வந்திருந்தான். எல்லார் கையிலும் கொடுத்தான், என்னுடையதை மட்டும் பெயிண்ட் டப்பா மேல் வைத்துவிட்டுப் போனான். எனக்கு உலர்திராட்சை பிடிக்காது. எல்லார் லட்டிலும் திராட்சை இருந்தது, என்னுடையதில் இல்லை.

தற்செயல்தான்.

ஆகஸ்ட் 17, சனி

தெய்வானை இன்று நேராகக் கேட்டுவிட்டாள். "அந்தண்ணன் ஊரை உட்டே போறாரு. ஒரு வார்த்த நீங்களாப் பேசுனா நாக்கு அழுகிப் போயிருமுங்களா?"

நான் ஏன் பேச வேண்டும்? என் மேல் தப்பே இல்லை. எழுதி வைக்கிறேன், படிக்கிறவர்கள் சொல்லட்டும்.

2013ஆம் வருஷம் ஜனவரி 24. பொன்னுரங்கத்தின் மகள் ஹேமாவுக்குச் சேலத்தில் நிச்சயதார்த்தம், மாலை நாலு மணிக்கு. அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. காலையில் ஈரோட்டிலிருந்து ஒரு கூட்ஸை ஓட்டிக்கொண்டு போய், சேலத்தில் இறங்கி, அப்படியே வேட்டி மாற்றிக்கொண்டு தட்டு மாற்றப் போவதாகத் திட்டம். அந்த வண்டியைப் பரிசோதித்தது நான். நாற்பது வேகனில் பதினாலாவதில் ஸ்பிரிங் பட்டை வெடித்திருந்தது. 'சிக்' எழுதினேன். அதைக் கழற்றி ஒதுக்கி மறுபடி கோத்து வண்டி கிளம்ப ஐந்து மணி நேரம். இவன் சேலம் போய்ச் சேர்ந்தபோது மச்சினன் தட்டை மாற்றி, விருந்தும் முடிந்து, பந்தியில் ரசம்கூட மிச்சமில்லை. அன்றிலிருந்து பேச்சில்லை.

வெடித்திருந்ததா, வெடித்திருந்தது. எழுதினேனா, எழுதினேன். என் வேலையைத்தான் செய்தேன்.

இன்னொன்றும் உண்டு. அந்த நிச்சயத்துக்கு அவன் என்னைப் போனில்தான் கூப்பிட்டான். இருபத்தாறு வருஷப் பழக்கம். ஹேமாவுக்கு மொட்டை அடித்தபோது என் மடியில்தான் உட்கார்ந்திருந்தது. வீட்டுக்கு வந்து வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட வேண்டாமா? "ஏப்பா, வியாழக்கெழம வந்துரு" என்று, பால்காரனிடம் சொல்வது மாதிரி. ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

பதினைந்து வேகன் முடிந்தது. கழுத்து பிடித்துக்கொண்டது. தைலம்.

ஆகஸ்ட் 22, வியாழன்

எல்லாம் முடிந்தது! துரு, கரி, காக்கை எச்சம் உட்பட. கடைசியாக யார்டு ஆட்கள் சாக்பீஸில் போடும் குறிகளை எழுதினேன்: அம்பு, எண், கோடு, கையெழுத்து. இதற்கு நோட்டே தேவையில்லை. வானொலியில் செய்தி கேட்டுக்கொண்டே எழுதினேன், கை தானாக ஓடியது. மேலே வார்னிஷ் அடித்துவிட்டேன். இனி தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் போகாது.

மாஸ்டர் வந்து பார்த்துக் கண் கலங்கிவிட்டார். "அசல் அசிங்கமா இருக்கு சார்" என்றார். இதைவிடப் பெரிய பாராட்டு என் சர்வீஸில் கிடைத்ததில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

நிதானமாக எழுத வேண்டும்.

பத்து மணிக்குக் கண்காட்சித் திறப்பு. எண்பது பேர் இருப்பார்கள். அழுக்கில்லை என்று சொன்ன அந்தப் பெண்ணும் முன்வரிசையில். சிறப்பு விருந்தினராக நூலகர் அம்மா வந்திருந்தார். மாஸ்டர் பழைய வெள்ளை யூனிஃபாரம் போட்டுக்கொண்டு பச்சைக் கொடியைக் காட்டினார். பொன்னுரங்கம்தான் டிரைவர். திருகைத் திருகினால் எஞ்சின் ஓடும். அவன் திருகவில்லை. டிரைவர் புத்தி, வண்டியை எடுப்பதற்கு முன்னால் ஒருதரம் பக்கத்தோடு நடந்து பார்த்தான். பதினாலாவது வேகனிடம் வந்ததும் நின்றான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தான்.

பிறகு திரும்பி வந்து கையைக் கட்டிக்கொண்டான்.

"மாஸ்டர், பதினாலாவது வண்டி சிக்குன்னு எழுதியிருக்குதுங்க. நான் எடுக்க முடியாது."

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆமாம். 'சிக்'. ஸ்பிரிங் என்று பக்கத்தில். கீழே என் கையெழுத்து. எல்லாம் சாட்சாத் என் எழுத்து.

மாஸ்டர் கொடியைச் சுருட்டிவிட்டார். பச்சையை எடுத்துவிட்டுச் சிவப்பை விரித்தார். மற்ற ஆட்கள் "பொம்மைதானே, ஓட்டுப்பா" என்று சொல்வார்கள் என்று நினைத்தேன். ஒருத்தன் சொல்லவேண்டுமே! பதினோரு பேரும் ரயில்காரர்கள். எல்லார் முகமும் சாவு வீட்டு முகமாகிவிட்டது.

நூலகர் அம்மாதான் முதலில் கேட்டார். "அந்த எழுத்த அழிச்சிட்டா ஆச்சுங்களே?"

"அழிக்கறதா?" கார்டு ஃபிலிப் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "ரிப்பேர் பண்ணாம அழிக்கறதாங்க அம்மா?"

"அழிக்கவும் முடியாதுங், வார்னிஷ் அடிச்சுட்டேன்" என்றேன்.

"அப்ப அந்த ஒரு பெட்டிய மட்டும் கையில தூக்கி எடுத்துருங்களேன்."

கிரேன் இலாகாவில் இருந்த ரத்தினசபாபதி எழுந்தார். "கையில தூக்கறதுங்களா? கிரேன் இல்லாம தண்டவாளத்துல இருந்து வண்டியத் தூக்கினா என்ன ஆகும்னு தெரியுமுங்களா?" அது நூற்றைம்பது கிராம் எடை. யாரும் சிரிக்கவில்லை.

"ஒதுக்கி நிறுத்த நம்மகிட்டத் தனி லைனும் கெடையாது" என்றார் மாஸ்டர். அழைப்பிதழில் இருபத்தொரு வேகன் என்று அச்சடித்தாகிவிட்டது என்றும் சொன்னார்.

அரை மணி நேரம் ஆயிற்று. சுண்டல் தீர்ந்தது. அந்தப் பெண், "தாத்தா, இப்ப நெசமான ரயிலு மாதிரியே இருக்குது, லேட்டாவுது" என்றது. நான் வியர்த்து வழிந்துகொண்டு அந்த வேகன் பக்கத்தில் நின்றேன்.

அப்போது பொன்னுரங்கம் என் பக்கம் திரும்பினான். மாஸ்டரைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"டேய் சென்னி."

நான் நிமிர்ந்தேன்.

"என்ன தேதி போட்டிருக்கறே, பாரு."

பார்த்தேன். 24-1-13.

"கை தானா எழுதிருச்சு" என்றேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எம்பது பேரு முன்னால சொல்லு. அன்னிக்கி அந்த ஸ்பிரிங்கு நெசமாலுமே வெடிச்சிருந்துச்சா?"

"வெடிச்சிருந்துச்சு. மூணாவது பட்டையில, முடி கனத்துக்கு. எங்கம்மா மேல சத்தியமா இருந்துச்சு."

அவன் கண்ணை எடுக்கவில்லை. முப்பத்து நாலு வருஷம் வேகனுக்கு அடியில் குனிந்து பார்த்தவன் நான். எனக்கு அடியில் இருப்பதை அவன் குனிந்து பார்ப்பது மாதிரி இருந்தது. உள்ளே இருந்தது வெளியே வந்துவிட்டது.

"ஆனா பொன்னா, நீ ஊட்டுக்கு வந்து வெத்தலபாக்கு வெச்சுக் கூப்புட்டிருந்தீன்னா, நான் அதப் பாத்திருக்கவே மாட்டேன். சேக்காளி வண்டி, சீக்கிரம் போகோணும்னு சுத்தியல்ல ரெண்டு தட்டுத் தட்டிப்போட்டு ஃபிட்டு எழுதியிருப்பேன். போன்ல கூப்புட்டயேங்கற ஆங்காரத்துலதான் ஒவ்வொரு வண்டிக்கு அடியிலயும் படுத்துப் பாத்தேன்."

"நாப்பது வண்டிக்குமா?"

"நாப்பதுக்கும். முதுகெல்லாம் கிரீசு."

பொன்னுரங்கம் மோட்டுவளையைப் பார்த்து எதையோ கணக்குப் போட்டான்.

"அப்ப நான் முறையா வந்து கூப்புட்டிருந்தா, அந்த வெடிப்போடயே வண்டிய எடுத்திருப்பேன்."

"ஆமா."

"சங்ககிரி தாண்டறதுக்குள்ள கவுந்திருப்பேன்."

"கவுந்தாலும் கவுந்திருப்பே."

"அட தேவுடா!" என்று தொடையில் ஓங்கித் தட்டினான். "நல்லவேளைக்குச் சோம்பேறித்தனப்பட்டுப் போன்ல கூப்புட்டேன்டா!"

சிரிக்க ஆரம்பித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது, மூக்கும் ஒழுகிற்று. நூலகர் அம்மா எழுந்து நின்று கை தட்டினார். "நாடகம் ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. இந்த வயசுல எப்படி இவ்வளவு வசனம் மனப்பாடம் பண்ணினீங்க?" என்றார். எண்பது பேரும் தட்டினார்கள்.

பிறகு முறைப்படி செய்தேன். பல்குத்தும் குச்சியால் பதினாலாவது வேகனின் சக்கரங்களைத் தட்டிப் பார்த்தேன். தரையில் மண்டியிட்டு அடியில் டார்ச் அடித்தேன். 'ஃபிட்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, இன்றைய தேதியைப் போட்டேன். மாஸ்டர் பச்சைக் கொடி. வண்டி ஓடியது. மூன்று சுற்று அருமையாக ஓடி, நாலாவதில் ஒன்பதாவது வேகன் தடம் புரண்டது. பதினாலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைக் குறித்து வைக்கிறேன்.

ஆகஸ்ட் 28, புதன்

காலையில் வாசலில் பொன்னுரங்கமும் அவன் சம்சாரமும். கையில் தட்டு. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், பூ, மஞ்சள். ஹேமாவின் சின்னதுக்கு அடுத்த மாதம் பதினஞ்சாம் தேதி ஓசூரில் காது குத்து.

"குடும்பத்தோட வந்துருங்க" என்று நின்றுகொண்டே சொன்னான், புது விருந்தாளி மாதிரி.

"இதப் போன்லயே சொல்லியிருக்கலாமேடா" என்றேன்.

"வேண்டாஞ்சாமி."

தெய்வானை காப்பி கொண்டு வந்தாள். இரண்டு மணி நேரம் பேசினோம். பதினோரு வருஷத்தில் யார் யார் ரிட்டையர் ஆனார்கள், யார் யார் செத்துப்போனார்கள், எல்லாம். போகும்போது, "சனிக்கெழம காத்தால சாமான் லாரி வருது. ஒருக்கா வந்து அடியில பாத்துருடா" என்றான். இரண்டடி போய்த் திரும்பினான். "முறையா வேற கூப்புட்டுப் போட்டேன். இனி நீ சரியாப் பாக்கமாட்டியோன்னு பயமா இருக்குது."

அவன் போவது எனக்குப் பிடிக்கவில்லை. எழுதிவிட்டேன், போதும்.

ஆகஸ்ட் 31, சனி

ஏழு மணிக்கே போய்விட்டேன். சுத்தியல், டார்ச், சாக்பீஸ். லாரியில் கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. கடைசியாக இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை மேலே கட்டிக்கொண்டிருந்தார்கள். லாரிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்து, முக்கால் மணி நேரம் பார்த்தேன். ஸ்பிரிங் பட்டை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். நட்டு, போல்டு, டயர், பிரேக். ஒரு முடி கனத்துக்குக்கூட எங்கும் வெடிப்பு இல்லை. வண்டி கல்லு மாதிரி இருந்தது. இதை இந்த நோட்டில் மட்டும்தான் எழுதுகிறேன்.

எழுந்து துண்டை உதறினேன். பின் கதவில் பெரிய எழுத்தில் 'சிக்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டேன்.

லாரி டிரைவர் கத்தினார். "யோவ் பெருசு, போன வாரந்தான் சர்வீஸ் உட்டு எடுத்தேன். என்னய்யா கிறுக்கறே?"

பொன்னுரங்கம் வந்து எழுத்தைப் படித்தான். என்னைப் பார்த்தான். வண்டியைப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மகளுக்குப் போட்டான்.

"ஹேமா, இன்னிக்கி வல்ல கண்ணு. வண்டி சிக்கு. சென்னியப்பன் மாமா எழுதிப் போட்டாப்ல. நான் என்ன பண்றது சொல்லு, எழுதினா எழுதினதுதான்."

போனை வைத்துவிட்டு என்னிடம் கேட்டான். "ஃபிட்டு எப்பக் குடுப்பே?"

"திங்கக்கெழம பாக்கலாம்."

"திங்கக்கெழமயா, புதங்கெழமயா?"

"ஸ்பிரிங்கப் பொறுத்தது" என்றேன்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டு லாரிக்காரரிடம் திரும்பினான். "எப்பா, கோவிச்சுக்காத. அந்த ரெண்டு பிளாஸ்டிக் சேர மட்டும் எறக்கு."